கடித்த பின்னும் கடிக்கும் முன்னும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. நாற்பது வயதைத் தாண்டிய தமிழர்களில் இந்த வாக்கியத்தைக் கேளாமல் வளர்ந்தவர் அரிதாகவே இருப்பர். நம் தலைமுறை தெருமுனையில் நாயைக் கண்டு ஒதுங்கியபோது அதன் பல்லுக்கு அஞ்சியது பாதி. அந்த ஊசிக்கு அஞ்சியது பாதி. இன்று அந்த ஊசி வழக்கில் இல்லை. 2004 டிசம்பரோடு இந்திய அரசு அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆயினும் பேச்சில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரு மருந்து மறைந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதைப் பற்றிய அச்சம் மொழியில் தங்கியிருக்குமானால், அதன் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பதில் பொருளுண்டு என்று தோன்றுகிறது.

விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோய்கள் பல. கொள்ளைநோய் எலியின் தெள்ளுப்பூச்சி வழியே வந்தது. அடைப்பான் கால்நடைகளிடமிருந்து வந்தது. நிப்பா பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது. இவற்றுள் ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. நோய்க்குறிகள் தோன்றிய பின் அதிலிருந்து பிழைத்தவர்கள் உலகெங்கும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அதே வேளையில், உரிய காலத்தில் செயல்பட்டால் ஏறத்தாழ முழுமையாகத் தடுக்கக்கூடிய நோயும் இதுதான். இவ்விரு உண்மைகளும் அருகருகே நிற்க, ஆண்டுதோறும் உலகில் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்ட சிறார்கள். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு நாய்களால் வருவது.

தடுக்கத் தெரிந்த ஒரு நோயால் இத்தனை பேர் ஏன் இறக்கிறார்கள் என்பதே நம் கேள்வி. இதற்கு மருத்துவ நூல்களைக் காட்டிலும் வரலாறு தெளிவான விடை தருகிறது. இந்நோயை இரண்டு இடங்களில் தடுக்கலாம். ஒன்று, கடிபட்ட மனிதரின் உடல். மற்றொன்று, கடிக்கக்கூடிய நாயின் உடல். சில நாடுகள் இரண்டாவது இடத்திற்குச் சென்றன. அங்கே நோய் ஒழிந்தது. நாம் நெடுங்காலம் முதல் இடத்திலேயே நின்றோம்.

பாரிசில் பிரிந்த பாதை

1885 ஜூலை 6. அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பாரிசில் லூயி பாஸ்டர் உருவாக்கிய மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. இரண்டு நாள்களுக்கு முன் அவனை ஒரு வெறிநாய் பல இடங்களில் கடித்திருந்தது. பாஸ்டர் வேதியியலாளர், மருத்துவர் அல்லர். ஆகவே கிரான்ஷே என்னும் மருத்துவரே ஊசி போட்டார். அடுத்த பத்து நாள்களில் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான். அறிவியல் வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட கதை இது.

அந்தக் கதைக்கு முந்தைய பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாஸ்டர் தம் மருந்தை முதலில் நாய்களுக்கே போட்டார். நோயுற்ற முயலின் தண்டுவடத்தைக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்த, நாளுக்கு நாள் அதிலுள்ள நச்சின் வீரியம் குறையும். நன்றாக உலர்ந்ததில் தொடங்கிப் படிப்படியாகப் புதியதைச் செலுத்தினால் நாய்க்கு நோய் பற்றுவதில்லை என்று அவரும் அவருடைய உதவியாளர் ரூவும் கண்டனர். நாய்க்கு எதிர்ப்பாற்றல் ஊட்ட முடியும் என்பதை 1884-இல் ஓர் ஆணையக் குழு முன் மெய்ப்பித்தும் காட்டினர். நோய் நாயிடமிருந்து வருவதாயின் நாயையே காத்துவிடலாமே என்னும் எண்ணம் அப்போதே எழுந்தது. ஆனால் பிரான்சு முழுவதிலும் உள்ள நாய்களுக்கு ஒவ்வொன்றாகப் பல ஊசிகள் போடுவது அன்றைய நிலையில் நடக்கக்கூடியதாக இல்லை. அவ்வளவு முயல்களுக்கு எங்கே போவது?

அப்போது நோயின் இயல்பே வேறொரு வழியைக் காட்டியது. கடிவாயில் நுழையும் வைரஸ் உடனே மூளையை அடைவதில்லை. நரம்பு வழியே மெல்ல ஊர்ந்து செல்கிறது. கடிபட்டவருக்கு நோய் வெளிப்படச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் உடலுக்கு எதிர்ப்பாற்றல் கற்பித்துவிட்டால் வைரஸ் மூளையை எட்டும் முன் மறித்துவிடலாம். கடித்த பிறகு போடும் தடுப்பூசி என்னும் விந்தை பிறந்தது இப்படித்தான். 1886 மார்ச்சில் இரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் பகுதியிலிருந்து ஓநாய் கடித்த 19 பேர் பாரிசுக்கு வந்தனர். அவர்களில் 16 பேர் உயிரோடு திரும்பினர். உலகம் வியந்தது. நன்கொடைகள் குவிந்தன. 1888-இல் பாரிசில் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது.

அன்றிலிருந்து வெறிநாய்க்கடித் தடுப்பு என்றாலே கடிபட்ட மனிதருக்குப் போடும் ஊசி என்றாயிற்று. நாய் காட்சியிலிருந்து விலகியது.

மலைமேல் ஒரு மருந்தகம்

இந்தியாவில் வெறிநாய் கடித்த ஆங்கிலப் படைவீரர்களை அரசு கப்பலேற்றிப் பாரிசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பயணத்திலேயே பல நாள்கள் கழிந்துவிடும். இந்நிலையை மாற்ற 1900-இல் இமயமலைச் சரிவிலுள்ள கசௌலியில் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் டேவிட் செம்பிள் என்னும் இராணுவ மருத்துவர். பின்னர் நம் நாட்டுச் சிற்றூர் மருத்துவமனைகள் வரை வந்த மருந்துக்கு அவர் பெயரே நிலைத்தது.

கசௌலி தென்னிந்தியாவுக்கு எட்டாத தொலைவு. 1902-இல் நீலகிரியில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் இளம் ஆங்கிலப் பெண் இந்நோயால் இறந்தார். தெற்கே சிகிச்சைக்கு இடமில்லாமற்போனதே காரணம் என்று பெரும் குரல் எழுந்தது. அச்சமயம் அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் இந்தியாவின் நலனுக்கென்று கர்சன் பிரபுவிடம் பெருந்தொகை ஒன்றை அளித்திருந்தார். அதன் பெரும்பகுதி பீகாரின் பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. ஒரு பகுதி தெற்கே வந்தது. 1907-இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது.

குன்னூர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணங்கள் இருந்தன. குளிர்பதன வசதிகள் பெருகாத காலத்தில் மருந்து கெடாதிருக்க மலைக்குளிர் தேவைப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை இரயில் 1899-லேயே ஓடத் தொடங்கியிருந்தது. சென்னை மாகாணத்தின் மூலைகளிலிருந்தெல்லாம் கடிபட்டவர்கள் அந்த இரயிலில் ஏறினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் சாளரத்துக்கு வெளியே கைபேசியை நீட்டும் அதே பாதையில், ஒரு காலத்தில் கட்டுப்போட்ட காலோடு குழந்தைகளும், உடன்வந்த தாய்மாரும் அமர்ந்திருந்தார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சமவெளி வெயிலில் வாழ்ந்தவர்கள், மேலாடைக்கே வழியில்லாதவர்கள், நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ள வாரக்கணக்கில் மலைக்குளிரில் தங்க நேர்ந்தது. வர முடிந்தவர்கள் பிழைத்தார்கள். செய்தி அறியாதவர்களும், அறிந்தும் ஊரைவிட்டு நகர இயலாதவர்களும் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

ஆட்டு மூளை

1911-இல் செம்பிள் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டார். முயலின் தண்டுவடத்தை உலர்த்தும் முறையில் மருந்தில் உயிருள்ள வைரஸ் இருக்கும்; அதை நிறுவனத்திலேயே நாள்தோறும் தயாரித்துக் கொடுக்க வேண்டும். செம்பிள் நோய் ஏற்றப்பட்ட விலங்கின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலம் சேர்த்து வைரஸைக் கொன்றுவிட்டார். இந்த மருந்தைக் குப்பிகளில் அடைத்து வெளியூருக்கு அனுப்ப முடிந்தது. கடிபட்டவர் மருந்தைத் தேடி மலையேற வேண்டியதில்லை. மருந்தே அவரைத் தேடி மாவட்ட மருத்துவமனைக்கு வரும். பெருமளவில் தயாரிப்பதற்கு ஆட்டின் மூளையே ஏற்றதாக இருந்தது. கசௌலியும் குன்னூரும் இவ்வகையில் இலட்சக்கணக்கானோரைக் காத்தன. அதை எவரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்த மருந்துக்கு இரண்டு குறைகள் இருந்தன. வீரியம் குறைவு, ஆகவேதான் நாளுக்கொன்றாகப் பதினான்கு வரை ஊசிகள், அதிக அளவு மருந்து, அதைத் தாங்க இடமுள்ள வயிற்றுத் தோல். இரண்டாவது குறை இன்னும் கொடியது. ஆட்டு மூளையில் வைரஸோடு நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் என்னும் உறைப் பொருளும் இருந்தது. அதை எதிர்க்கக் கற்றுக்கொண்ட உடல், சிலரிடத்தில் தன் நரம்பின் உறையையே தாக்கத் தொடங்கியது. ஊசி போட்டுக்கொண்ட சில நாள்களில் கைகால் முடங்கியவர்களும் இறந்தவர்களும் உண்டு. சில நூறு பேரில் ஒருவர் என்பது முதல் சில ஆயிரம் பேரில் ஒருவர் என்பது வரை மதிப்பீடுகள் வேறுபட்டன. நாய் வெறிநாய்தானா என்று தெரியாத நிலையில் ஊசி போடுவதா வேண்டாமா என்று ஒரு தந்தை தயங்கியிருந்தால் அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

இதற்கு மாற்று எப்போது கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. 1954-இல் ஈரானில் ஒரே ஓநாய் 29 பேரைக் கடித்தது. தலையில் காயம்பட்டவர்களில் வெறும் தடுப்பூசி மட்டும் பெற்ற ஐவரில் மூவர் இறந்தனர். ஆயத்த எதிர்ப்பொருள் நிறைந்த சீரமும் சேர்த்துப் பெற்றவர்களில் ஒருவரே இறந்தார். தலை, கழுத்து போன்ற இடங்களில் ஆழக் கடிபட்டால் தடுப்பூசியோடு சீரமும் வேண்டும் என்பது அன்று உறுதியாயிற்று. 1960-களில் அமெரிக்காவின் விஸ்டார் நிறுவனத்தில் மூளைத் திசுவே இல்லாமல், ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் செல்களில் தடுப்பூசி தயாரிக்கப்பட்டது. 1970-களின் நடுவில் அதே ஈரானில் வெறி ஓநாய்களும் நாய்களும் கடித்த 45 பேருக்கு அது சீரத்தோடு செலுத்தப்பட்டது. 45 பேரும் பிழைத்தனர். கையில் சில ஊசிகள் போதும். பக்கவாதம் இல்லை.

1984-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு மூளைத்திசு ஊசியைக் கைவிடுமாறு கூறியது. இந்தியா அதை நிறுத்தியது 2004-இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் இரண்டு தடுப்பூசிகள் இருந்தன. காசுள்ளவர் மருந்துக் கடையில் வாங்கிக் கையில் போட்டுக்கொண்டது ஒன்று. காசில்லாதவர் அரசு மருத்துவமனையில் வயிற்றில் போட்டுக்கொண்டது மற்றொன்று. நாய் கடிக்கும்போது இவ்வேறுபாட்டைப் பார்க்கவில்லை, மருந்து பார்த்தது. பின்னர் 2006-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட தோலிடை ஊசி முறையே இவ்வேறுபாட்டைப் பெருமளவு குறைத்தது. தசையில் போடுவதைவிட மிகக் குறைந்த அளவு, அதாவது 0.1 மில்லிலிட்டர் மருந்தைத் தோலின் மேலடுக்கில் இரண்டு இடங்களில் போடும் முறை இது. மருந்துச் செலவு 60 முதல் 80 விழுக்காடு வரை குறைகிறது. தாய்லாந்தின் செஞ்சிலுவைச் சங்க ஆய்வாளர்கள் உருவாக்கிய வழி. ஏழை நாட்டின் தேவையிலிருந்து பிறந்த அறிவு அது.

நாயிடம் சென்றவர்கள்

இதுவரை நாம் பார்த்தது கடித்த பின் செய்வதன் வரலாறு. பாரிசில் கைவிடப்பட்ட அந்த மற்றொரு பாதை என்னவாயிற்று?

1902-ஆம் ஆண்டுக்கு மீண்டும் செல்வோம். நீலகிரியில் அந்த ஆங்கிலப் பெண் இறந்த அதே ஆண்டில் பிரிட்டன் ரேபிஸ் அற்ற நாடாயிற்று. அதற்குத் தடுப்பூசி எதுவும் பயன்படவில்லை. வேளாண் வாரியத்தின் தலைவராயிருந்த வால்ட்டர் லாங் 1897-இல் கடுமையான ஆணைகளைக் கொண்டுவந்தார். நோய் கண்ட வட்டாரங்களில் நாய்களுக்கு வாய்ப்பூட்டு மாட்ட வேண்டும்; உரிமையாளரற்ற நாய்கள் பிடிக்கப்படும்; வெளிநாட்டிலிருந்து வரும் நாய் தனித்து வைக்கப்படும். நாய் வளர்ப்போர் கொதித்தெழுந்தனர். லாங் அசையவில்லை. ஐந்தாண்டுகளில் நோய் ஒழிந்தது. முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களோடு வந்த நாய்களால் 1918-இல் மீண்டும் தலைகாட்டி, 1922-இல் மறுபடியும் ஒழிக்கப்பட்டது.

ஒரே பேரரசு. ஒரே நோய். தன் தீவில் அது நோயை நாயிடம் சென்று நிறுத்தியது. தான் ஆண்ட நிலத்தில் கடிபட்டவருக்கு மருந்தகம் கட்டியது. இதில் சூழ்ச்சி ஏதுமிருப்பதாக நாம் சொல்லவில்லை. தீவை மூடுவது எளிது; துணைக்கண்டத்தை மூட இயலாது. பிரிட்டனில் பெரும்பாலான நாய்களுக்கு உரிமையாளர் உண்டு. இங்கே தெருவே நாயின் வீடு. ஆனால் நாய்களிடம் செல்லும் வழியொன்றை இந்த நிலத்துக்கேற்பத் தேடும் முயற்சி வேரூன்றவில்லை என்பதுதான் வரலாறு.

அந்த வழியைத் தேடியது ஜப்பான். 1921-இல் உமேனோ, டோய் என்னும் இரு ஆய்வாளர்கள் நாய்களுக்கென்றே ஒரு தடுப்பூசியை அறிமுகப்படுத்தினர். உலகில் நாய்களுக்குத் திரளாகத் தடுப்பூசி போடும் முறை அங்கேதான் தொடங்கியது. போர்க்காலத்தில் அம்முயற்சி தளர்ந்து நோய் பெருகியது. 1950-இல் ஜப்பான் ரேபிஸ் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. நாயைப் பதிவு செய்வதும் ஆண்டுதோறும் ஊசி போடுவதும் கட்டாயமாயின, தெருநாய்களும் பிடிக்கப்பட்டன. ஏழே ஆண்டுகளில், 1957-இல், நோய் ஒழிந்தது. போரில் சிதைந்து எழுந்துகொண்டிருந்த நாடு அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

காட்டு விலங்குகளிடம்கூடச் செல்ல முடிந்தது. ஐரோப்பாவில் இந்நோயைச் சுமந்தது நரி. நரியைப் பிடித்து ஊசி போடுவது யாரால் ஆகும்? 1978-இல் சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில் கோழித் தலைகளுக்குள் வாய்வழித் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் இட்டனர். நரிகள் தின்றன. இம்முறை பரவ, மேற்கு ஐரோப்பாவின் நரிகளிடமிருந்து நோய் படிப்படியாக நீங்கியது. இலத்தீன் அமெரிக்க நாடுகள் 1983-இல் கூட்டாக நாய்த் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கின. 2019-இல் நாய்வழி ரேபிஸால் மனிதர் இறப்பதை ஒழித்த முதல் நாடு என்று மெக்சிகோவை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. பக்கத்திலிருக்கும் இலங்கையில் 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 300 பேருக்கு மேல் இறந்தனர். நாய்களுக்கு ஊசி போடத் தொடங்கிய பின் அவ்வெண்ணிக்கை சில பத்துகளாகக் குறைந்தது.

இவை அனைத்துக்கும் அடிப்படையாக ஒரு கணக்கு இருக்கிறது. ஓரூரில் உள்ள நாய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், நோயுற்ற நாய் ஒன்று கடிக்க நேரும் மற்ற நாய்களில் பெரும்பாலானவை நோய் பற்றாதவையாக இருக்கும். சங்கிலி அறுந்துவிடும். நூற்றுக்கு நூறு தேவையில்லை. பாஸ்டரை மலைக்க வைத்த எண்ணிக்கை இப்போது அவ்வளவு பெரிதன்று. அவர் காலத்தில் நாயொன்றுக்குப் பல ஊசிகள் தேவைப்பட்டன. இன்று ஆண்டுக்கு ஒன்று போதும்.

கொல்வதா, விடுவதா

நம் நாட்டில் நாயைப் பற்றிய பேச்சு வேறு தடத்தில் சென்றது. 1832 ஜூனில் பம்பாயில் காவலர்கள் தெருநாய்களைக் கொல்ல முற்பட்டபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் எதிர்த்தெழுந்தனர், கலவரம் மூண்டது. ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்து, 1926-இல், அகமதாபாத் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் தம் ஆலை வளாகத்தில் திரிந்த 60 நாய்களை அகற்றிக் கொல்ல வைத்தார். காந்தி அச்செயலைத் தவிர்க்கவியலாததாகக் கருதினார். அகிம்சையின் ஆசானே இப்படிச் சொல்லலாமா என்று கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் பல வாரங்கள் தம் இதழில் தொடர்ந்து விடையளித்தார். பொறுப்பேற்காமல் தெருநாய்க்கு எச்சில் உணவை வீசுவது கருணையாகாது. நாயை வளர்ப்பவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். ஊர் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஆழமான விவாதம் அது. இன்று படித்தாலும் இரு தரப்பின் வலியும் புரிகிறது. ஆயினும் அதன் மையம் கொல்வதா விடுவதா என்பதாகவே இருந்தது. அதே ஆண்டுகளில் ஜப்பானில் நாய்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். கொல்லாமலும் விட்டுவிடாமலும் காக்கும் மூன்றாவது வழி நம் பொதுப்பேச்சில் இடம்பெற நெடுங்காலம் ஆயிற்று.

கொல்வதால் நோய் ஒழியுமா என்னும் கேள்விக்கு வரலாறு விடை சொல்லிவிட்டது. சென்னையில் நாய் வண்டி தலைமுறை தலைமுறையாக ஓடியது. நாய்களும் குறையவில்லை, நோயும் ஒழியவில்லை. 1990-களின் நடுவில்தான் மாநகராட்சி அதைக் கைவிட்டு, நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறைக்கு மாறியது. 2001-இல் அது நாடு முழுமைக்கும் விதியாயிற்று. இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு 2008-இல் ரேபிஸ் வந்தபோது முதலில் நாய்களைக் கொன்றார்கள். நோய் தீவெங்கும் பரவியது. 2010-இல் தீவளாவிய தடுப்பூசி தொடங்கிய பின்னரே இறப்புகள் குறைந்தன. காரணம் எளியது. நாய் அகன்ற தெருவில் வேறு நாய் குடியேறும்; ஊசி போட்ட நாயைக் கொன்றால் ஊசி போடாத நாய் அவ்விடத்துக்கு வரும்.

தமிழ் மரபில் நாய்க்கு இரண்டு இடங்கள் உண்டு. அடியவர்கள் தம்மைத் தாழ்த்திக்கொள்ள நாயை உவமையாக்கினர். நன்றிக்கும் நாயே உவமையாயிற்று. சங்கப் புலவர்கள் ஞமலி என்றழைத்த வேட்டைத்துணை அது. செங்கம் பகுதியின் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. வீழ்ந்த வீரனோடு அவனருகே நின்று காத்த நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய சமூகம், தன் தெருவிலுள்ள நாய்களுக்கு ஆண்டுக்கொருமுறை ஊசி போடுவதை ஆகாத காரியமென்று நினைக்க வேண்டியதில்லை.

இன்றைய நிலை

இந்தியாவில் ரேபிஸால் ஆண்டுக்குச் சுமார் 20,000 பேர் இறப்பதாக நெடுங்காலம் மதிப்பிடப்பட்டது. 2022–23-இல் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வு அவ்வெண்ணைச் சுமார் 5,700 எனக் கணித்தது. அதே ஆய்வின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 91 இலட்சம் பேரை விலங்குகள் கடிக்கின்றன. நான்கில் மூன்று பங்குக்கு மேல் நாய்க்கடி. இறப்பு குறைந்திருப்பது ஆறுதல். நல்ல தடுப்பூசி ஏழைகளுக்கும் எட்டியதன் பயன் அதில் உண்டு. ஆனால் கடி குறையவில்லை. அதாவது, கடித்த பின் செய்வதில் நாம் முன்னேறியிருக்கிறோம்; கடிக்கும் முன் செய்ய வேண்டியது அப்படியே இருக்கிறது. கடித்த பின் செய்வதிலும் ஓட்டைகள் உள்ளன. ஆழமான கடிக்குத் தேவையான இம்யூனோகுளோபுலின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைப்பதில்லை. நாய் நகத்தால் கீறியதை வீட்டில் சொல்லாமல் மறைக்கும் சிறுவனுக்கு எந்த ஊசியும் உதவாது. அவன் மறைப்பதற்கு அந்தப் பழைய பதினான்கு ஊசிக் கதை இன்றும் ஒரு காரணமாகலாம்.

நாய்வழி ரேபிஸை 2030-க்குள் ஒழிப்பதற்கான தேசியத் திட்டத்தை இந்திய அரசு 2021 செப்டம்பர் 28 அன்று வெளியிட்டது. பாஸ்டர் மறைந்த நாள் அது. இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர் கோவாவைப் பார்க்கலாம். அங்கே 2013 முதல் தொண்டு நிறுவனமும் மாநில அரசும் இணைந்து தெருத்தெருவாகச் சென்றன. வலைவீசி நாயைப் பிடித்து, ஊசி போட்டு, அடையாளத்துக்குச் சாயம் தடவி, இடத்தைக் கைபேசியில் குறித்து விட்டுவிடுவார்கள். பள்ளிகளில் பாடமும் நடத்தினார்கள். 2022-இல் வெளியான ஆய்வின்படி நாய்களிடையே நோய் 92 விழுக்காடு குறைந்தது. அவை சுவிஸ் நாட்டு நாய்கள் அல்ல. நம் தெருநாய்களைப் போன்றவையே.

2025 ஆகஸ்டு 11 அன்று தில்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு ஆணையிட்டது. 22-ஆம் நாள் வேறோர் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அந்தப் பதினொரு நாள்களிலும் நாடெங்கும் நடந்த வாதங்களைக் கவனித்தவர்களுக்கு 1926 நினைவுக்கு வந்திருக்கும். நாய்மேல் பரிவுள்ளோர் ஒருபுறம், கடிபட்ட குழந்தையின் பெற்றோர் மறுபுறம். இருவரும் எதிரிகளாக நிறுத்தப்பட்டனர். நாம் மேலே கண்ட வரலாற்றில் அவர்கள் எதிரிகள் அல்லர். ஊசி போட்ட நாய் உள்ள தெருவில்தான் குழந்தையும் நோயின் அச்சமின்றி நடக்கிறது. ஒருவர் கேட்பதைச் செய்தாலே மற்றவர் கேட்பதில் பாதி நிறைவேறிவிடும்.

அதுவரை, கடித்த பின் செய்ய வேண்டியதை அறிந்திருப்பது கடமை. நாயோ பூனையோ குரங்கோ கடித்தால், கீறினால், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்பக்கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சொன்ன நாள்களிலெல்லாம் தவறாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி கையில்தான், அதுவும் நான்கைந்து முறை வருகையில் முடிந்துவிடும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது. அச்சம் நீங்கினால் அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

குன்னூரின் பாஸ்டர் நிறுவனம் நூற்றாண்டைக் கடந்து இன்றும் அதே மலையில் நிற்கிறது. ஆட்டு மூளையிலிருந்து செல்வளர்ப்புத் தடுப்பூசி வரை அது வந்த தொலைவு பெரிது. மலைமேலிருந்து இறங்கி மாவட்ட மருத்துவமனைக்கும், பிறகு சிற்றூரின் சுகாதார நிலையத்துக்கும் மருந்து வந்துசேர நூறாண்டுகள் ஆயின. எஞ்சியிருப்பது சுகாதார நிலையத்தின் வாசலிலிருந்து தெருமுனை வரையிலான தொலைவு. அங்கேதான் நாய் படுத்திருக்கிறது.